மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள்

நம்ம சுவரேட்டில் ஜான்சி ராணி வந்தாச்சு, வேலு நாச்சியாரும் வந்தாச்சு. நம்ம மதுரையையே ஆண்ட ராணியைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறதே, அந்த மங்கம்மாள்தான். எங்க அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது திண்டுக்கல் பக்கத்துப் பஸ்ஸில் எல்லாம் ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்குமாம். 1997-ல் பஸ்களில் இருந்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தபோது இதுவும் போய்விட்டது.

மங்கம்மாளின் அப்பா லிங்கம நாயக்கர், மதுரை மன்னர் சொக்கநாத நாயக்கரிடம் தளபதியாக இருந்தவர். சொக்கநாதர் திருமலை நாயக்கரின் பேரன். 1659-ல் பட்டத்துக்கு வந்தார். அவருக்குத்தான் மங்கம்மாளைக் கட்டிக் கொடுத்தார்கள். இந்த ராஜா தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அதோடு விட்டாரா? அங்கே அரண்மனை கட்டுவதற்காக, தாத்தா கட்டிய மகாலில் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகாலில் நாம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோமே, அது மிச்சம் இருப்பதுதான்! எனக்கு இந்த ராஜாவைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மைசூர்க்காரர்களிடமும் மராட்டியர்களிடமும் நாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு 1682-ல் இறந்து போனார்.

அந்தக் காலத்தில் ராஜா இறந்தால் ராணிகளும் சிதையில் ஏற வேண்டும். ராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது அவருடைய மனைவிகள் 47 பேர் தீயில் இறங்கினார்கள். 47 பேர்! நம்ம வகுப்பில் இருக்கிற எல்லோரையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மங்கம்மாள் தீயில் இறங்கவில்லை. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் சின்னப் பையன், நம்ம வயசுதான் இருக்கும். அவனை யார் பார்ப்பது? ஊரும் உறவும் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பையன் பயப்படாதவன். டில்லி ஔரங்கசீப் பாதுஷா தன் செருப்பு ஒன்றை யானை மேல் வைத்து ஊர்வலமாக அனுப்புவாராம். அது வரும் ஊர் ராஜாக்கள் எல்லாம் விழுந்து கும்பிட வேண்டும். முத்துவீரப்பன் அந்தச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கால் செருப்பு எங்கே என்று கேட்டானாம். இந்தக் கதையை எங்க அம்மாச்சி சொல்லும்போது எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பு வரும். ஆனால் 1689-ல் முத்துவீரப்பனுக்கு அம்மை போட்டது. பெரியம்மைக்குத் தடுப்பூசி வந்ததே 1796-ல்தான். பிழைக்கவில்லை.

அப்போது அவன் மனைவி முத்தம்மாள் பிள்ளைத்தாய்ச்சி. அவளும் தீயில் இறங்குவேன் என்று நின்றாள். மங்கம்மாள்தான் கெஞ்சித் தடுத்தார். ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளிலேயே முத்தம்மாளும் இறந்து போனாள். பச்சை உடம்போடு பன்னீரைக் குடித்து உயிரை விட்டாள் என்று சொல்லுவார்கள். புருஷன் இல்லை, மகன் இல்லை, மருமகளும் இல்லை. கையில் தொட்டில் பிள்ளை ஒன்றுதான். அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பெயருக்குப் பட்டம் கட்டிவிட்டு, நாட்டை மங்கம்மாளே ஆண்டார். அப்படிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆண்டார்.

முதல் வேலையாக மொகலாயர்களுக்குக் கப்பம் கட்டினார். மகன் செருப்பைக் காலில் போட்டான், அம்மா கப்பம் கட்டினாரா என்று எனக்கும் முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. அப்புறம் யோசித்தால் சரி என்றுதான் படுகிறது. டில்லிப் படை ஜுல்பிகர் கான் தலைமையில் செஞ்சி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பக்கம் மராட்டியர், ஒரு பக்கம் மைசூர். பணத்தைக் கொடுத்து ஊர் எரியாமல் பார்த்துக்கொண்டார்.

சண்டை போடத் தெரியாதவரும் இல்லை. 1697-ல் தளவாய் நரசப்பய்யாவை அனுப்பித் திருவிதாங்கூரை ஜெயித்தார். 1700-ல் தஞ்சாவூரோடு சண்டை. அதே சமயம் மைசூர் ராஜா சிக்கதேவராயன் காவிரியில் அணை கட்டித் தண்ணீரை மறித்துவிட்டார். (காவிரிச் சண்டை இன்றைக்கு நேற்று வந்தது இல்லை, பார்த்தீர்களா?) உடனே மங்கம்மாள் பகையை விட்டுத் தஞ்சாவூரோடு சேர்ந்து படை திரட்டினார். படை போய்ச் சேருவதற்குள் பெரிய மழை பெய்து அணையே உடைந்துவிட்டது! ஆனால் 1702-ல் கிழவன் சேதுபதியோடு போட்ட சண்டையில் தோல்வி. தளவாய் நரசப்பய்யாவும் செத்துப் போனார். ராமநாதபுரம் கையை விட்டுப் போனது.

ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது இந்தச் சண்டைகளை இல்லை. சாலைகளைத்தான். மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சாலை, இரண்டு பக்கமும் நிழல் மரம், நடந்து போகிறவர்களுக்குச் சத்திரம், கிணறு, தண்ணீர்ப்பந்தல். திருநெல்வேலிப் பக்கம் இப்பவும் மங்கம்மாள் சாலை என்றுதான் சொல்கிறார்கள். ஒரு நாள் ஏதோ நினைவில் இடது கையால் வெற்றிலையை வாயில் போட்டுவிட்டாராம், அந்தப் பாவம் தீரத்தான் இத்தனை தர்மம் என்று ஒரு கதை உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு வெற்றிலைக்கு இவ்வளவு தூரமா சாலை போடுவார்கள்? வெயிலில் நடக்கிற ஜனங்களைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். 1701-ல் திருச்சி தர்காவுக்கு நிலம் கொடுத்தார். கிறிஸ்தவப் பாதிரியார்களையும் மரியாதையாக நடத்தினார்.

மதுரையில் பெண் ஆளுவது புதுசும் இல்லை. யாக குண்டத்தில் பிறந்த மீனாட்சியை மலையத்துவச பாண்டியன் ஆண்பிள்ளை போல் வளர்த்துப் பட்டம் கட்டினான் என்பது புராணம். சித்திரைத் திருவிழாவில் இப்பவும் மீனாட்சிக்குத்தான் பட்டாபிஷேகம் பண்ணிச் செங்கோல் கொடுக்கிறார்கள். இருந்தாலும் பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்கிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இப்போது மில்லுக்குப் போகிறாள். நன்றாகக் கணக்குப் போடுவாள்.

பேரன் வளர்ந்ததும் பாட்டிக்கும் அவனுக்கும் ஆகவில்லை. அச்சையா என்ற அதிகாரியோடு சேர்த்துப் பாட்டியைத் தப்பாகப் பேசினார்கள். ஒரு பெண்ணைக் கீழே தள்ள இது ஒன்று போதாதா? பேரனே அவரை அரண்மனையில் அடைத்து வைத்தான் என்றும், கண்ணுக்கு எதிரில் சாப்பாட்டை வைத்துக் கைக்கு எட்டாமல் பட்டினி போட்டார்கள் என்றும் ஜனங்கள் சொல்லுகிறார்கள். ஊருக்கெல்லாம் சத்திரம் கட்டியவர் பசியில் செத்தார் என்று அம்மாச்சி சொல்லும்போது எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

விஜயரங்கன் 1732 வரை ஆண்டு, பிள்ளை இல்லாமல் இறந்தான். அப்புறம் நாட்டை ஆள வந்தது அவன் மனைவிதான். பெயர் மீனாட்சி! சந்தா சாகிப்பை நம்பி அவள் ஏமாந்தாள். 1736-ல் நாயக்கர் ஆட்சியே முடிந்தது.

மங்கம்மாளின் அரண்மனை என்று சொல்லும் தமுக்கம் மாளிகையில் பிற்பாடு வெள்ளைக்காரக் கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1959-ல் அது காந்தி மியூசியம் ஆனது. அவர் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தால் மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊஞ்சல் மண்டபத்துக்குப் போங்கள். மேலே கூரையில் ஓவியம் இருக்கும். பேரனையும் அவரோடு சேர்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். கூட்டம் தள்ளும், ஓரமாக நின்று அண்ணாந்து பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி