கொம்பைத் தேடிப் போன எழுத்தாளர்

ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த நாணல் காடு. உள்ளே நுழைந்தால் நாலடி தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் எங்கேயோ ஒரு காட்டெருமை இருக்கிறது. குண்டு பட்ட எருமை. ரத்தம் சிந்தியபடி உள்ளே ஓடிவிட்டது.

அதைத் தேடிக்கொண்டு ஓர் அமெரிக்கர் நாணலை விலக்கிக்கொண்டு போகிறார். கையில் துப்பாக்கி. அடிமேல் அடி வைத்து நடக்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து எருமை பாயும் என்று தெரியாது. பாய்ந்தால் சுடுவதற்கு ஒரே ஒரு விநாடிதான் கிடைக்கும்.

அந்த அமெரிக்கருக்கு வயது 34. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். அவர்தான் எர்னஸ்ட் ஹெமிங்வே. இது நடந்தது 1934-ம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா நாட்டில். இன்று அந்த நாட்டின் பெயர் டான்சானியா.

வீட்டுச் சுவரில் மாட்டுவதற்குப் பெரிய பெரிய கொம்புகள் கொண்டுவர வேண்டும் என்றுதான் அவர் அங்கே போனார். கொம்புகள் கிடைத்தன. ஆனால், அவர் எதிர்பார்த்த விதத்தில் கிடைக்கவில்லை.

சிறுவனின் கனவு

ஹெமிங்வே 1899-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி பிறந்தார். ஊர், சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓக் பார்க். தந்தை டாக்டர். கோடை காலத்தில் குடும்பத்தோடு மிச்சிகன் மாநிலத்து ஏரிக்கரைக்குப் போவார்கள். அங்கே மகனுக்கு மீன் பிடிக்கவும் துப்பாக்கி சுடவும் தந்தை கற்றுக் கொடுத்தார்.

சிறுவனுக்குப் பத்து வயதானபோது, 1909-ம் ஆண்டில், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். சிங்கம், யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்று அவர் சுட்டு வீழ்த்திய செய்திகள் அமெரிக்கா முழுவதும் பரவின. ரூஸ்வெல்ட் அந்தக் காலத்து அமெரிக்கச் சிறுவர்களின் வீரர். ஹெமிங்வேயும் அவரைப்போல் ஆக ஆசைப்பட்டார்.

அந்த ஆசை நிறைவேற 24 ஆண்டுகள் ஆயின. இடையில் முதல் உலக யுத்தம் வந்தது. 1918-ம் ஆண்டு இத்தாலியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார். குண்டு வெடித்துக் கால்களில் படுகாயம் அடைந்தார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. யுத்தத்துக்குப் பிறகு பத்திரிகை நிருபராக வேலை பார்த்தார். பாரிஸ் நகரில் வாழ்ந்தார். கதைகள் எழுதினார். 1929-ம் ஆண்டு வெளிவந்த ‘ஆயுதங்களுக்கு விடை’ என்ற நாவல் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது.

மாமனார் வீட்டுப் பணம்

ஆப்பிரிக்க வேட்டை என்பது பெரிய செலவு. கூடாரம், லாரி, சமையல்காரர், துப்பாக்கி தூக்குவோர், வழிகாட்டி என்று ஒரு பட்டாளமே வேண்டும். அமெரிக்காவில் அப்போது கடுமையான பணமுடை. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்து நின்ற காலம்.

ஹெமிங்வேயின் மனைவி பவுலின். அவருடைய சித்தப்பா கஸ் பெரிய பணக்காரர். அவர் 25 ஆயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது ஒரு பெரும் செல்வம்.

1933-ம் ஆண்டு நவம்பரில் ஹெமிங்வேயும் மனைவியும் பிரான்சில் கப்பல் ஏறினார்கள். கூட ஒரு நண்பர் வந்தார். பெயர் சார்லஸ் தாம்ப்சன். ஹெமிங்வே வாழ்ந்த கீ வெஸ்ட் என்ற ஊரில் கடை நடத்தி வந்தவர். புகழ் எதுவும் இல்லாத சாதாரண மனிதர். ஹெமிங்வேயுடன் மீன் பிடிக்கப் போகிறவர்.

டிசம்பரில் கப்பல் மொம்பாசா துறைமுகத்தை அடைந்தது. அவர்களுக்கு வழிகாட்ட பிலிப் பெர்சிவல் என்ற வேட்டைக்காரர் அமர்த்தப்பட்டார். ரூஸ்வெல்ட்டின் வேட்டைக்கு உதவியவர்களில் இவரும் ஒருவர். பத்து வயதில் கண்ட கனவு அப்படியே பலிக்கப் போகிறது என்று ஹெமிங்வே மகிழ்ந்தார்.

அங்குலக் கணக்கு

இந்த வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காக மட்டும் வேட்டையாடவில்லை. தலைக்காகவும் கொம்புக்காகவும் வேட்டையாடினார்கள். சுட்ட மிருகத்தின் கொம்பை அளவு நாடாவால் அளப்பார்கள். லண்டனில் ரௌலண்ட் வார்டு நிறுவனம் 1892-ம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு பட்டியல் புத்தகம் வெளியிட்டு வந்தது. யாருடைய கொம்பு எத்தனை அங்குலம் என்பது அதில் அச்சாகும்.

ஆப்பிரிக்கக் காட்டெருமையைக் குளத்தில் சோம்பிக் கிடக்கும் வீட்டு எருமையைப்போல் எண்ணிவிடக் கூடாது. மனிதன் அதைப் பழக்கியதே இல்லை. பெரிய காளை 700 கிலோ எடைக்கு மேல் இருக்கும். இரண்டு கொம்புகளும் நெற்றியில் ஒன்று சேர்ந்து இரும்புத் தொப்பிபோல் மூடியிருக்கும். அங்கிருந்து இருபுறமும் வளைந்து மேலே எழும். அகலம் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால் வேட்டைக்காரருக்குப் பெருமை.

காயம்பட்ட எருமை எப்போதும் ஓடிப்போய்விடுவதில்லை. புதருக்குள் பதுங்கி, தேடி வருகிறவன் நெருங்கும் வரை காத்திருந்து பாய்வதும் உண்டு. அதனால்தான் யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம் ஆகியவற்றோடு எருமையையும் சேர்த்து ஐந்து பெரிய மிருகங்கள் என்று வேட்டைக்காரர்கள் அஞ்சினார்கள்.

சப்பென்று முடிந்த சிங்க வேட்டை

முதல் ஏமாற்றம் சிங்கத்தினால் வந்தது. பவுலின் முதலில் சுட்டார். ஹெமிங்வேயும் சுட்டார். சிங்கம் விழுந்தது. உண்மையில் அதை வீழ்த்தியது ஹெமிங்வேயின் குண்டு. ஆனால், அம்மாதான் சிங்கத்தைக் கொன்றார் என்று வேலையாட்கள் பவுலினைத் தூக்கிக்கொண்டு ஆடிப் பாடினார்கள்.

ஹெமிங்வே அதற்காக வருத்தப்படவில்லை. அவர் மனம் வாடியதற்குக் காரணம் வேறு. சிங்கம் கர்ஜித்துப் பாயும், உயிருக்குப் போராட வேண்டியிருக்கும் என்று இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தார். அதுவோ சாதாரணமாக விழுந்து செத்தது. இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

அடுத்து நோய் வந்தது. ஜனவரியில் கடுமையான சீதபேதி. ரத்தமாகப் போயிற்று. எழுந்து நடக்க முடியவில்லை. செரெங்கெட்டி சமவெளியில் கூடாரத்தில் படுத்துக்கொண்டு ஆகாய விமானத்துக்காகக் காத்திருந்தார். சின்னஞ்சிறு விமானம் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டது. வழியில், மேகங்களுக்கு மேலே, வெள்ளை வெளேர் என்று பனி மூடிய கிளிமஞ்சாரோ மலை தெரிந்தது. 5,895 மீட்டர் உயரம். ஆப்பிரிக்காவிலேயே உயர்ந்த மலை. அந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

நைரோபியில் ஊசி போட்டு வைத்தியம் செய்தார்கள். உடம்பு தேறியதும் மறுபடியும் காட்டுக்குத் திரும்பினார்.

நண்பரின் அதிர்ஷ்டம்

காண்டாமிருகம் ஒன்றை வெகு தூரத்திலிருந்து சுட்டு வீழ்த்தினார் ஹெமிங்வே. நல்ல குறி. தலைகால் புரியாத சந்தோஷத்துடன் முகாமுக்கு வந்தார். அங்கே தாம்ப்சன் சுட்ட காண்டாமிருகத்தின் தலை கிடந்தது. ஹெமிங்வே சுட்டதைப்போல் இரண்டு மடங்கு பெரியது!

வாய் நிறையப் பாராட்ட வேண்டிய நேரம். வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

எருமை வேட்டையில்தான் அவர் தேடிய ஆபத்து கிடைத்தது. காயம்பட்ட எருமை நாணலுக்குள் போயிற்று. காயப்படுத்தி விட்டுவிட்டுப் போவது வேட்டைக்காரனுக்கு அழகல்ல. அப்படி விட்டால், அடுத்து அந்த வழியே வருகிறவன் உயிர் போகும். ஆகவே உள்ளே நுழைந்தார். துப்பாக்கி தூக்கும் எம்கோலா என்ற ஆப்பிரிக்கர் அவருக்குத் துணை. உள்ளே போன பிறகு கொம்பின் அகலம் யாருக்கும் நினைவில் இல்லை. ஒவ்வொரு ஓசைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக, கூடூ என்ற மான். திருகாணிபோல் முறுக்கிய நீண்ட கொம்புகள் உடையது. கண்ணில் படுவதே அரிது. பல நாள் அலைந்தார் ஹெமிங்வே. மழைக்காலம் நெருங்கிவிட்டது. மழை வந்தால் பாதைகள் சேறாகிவிடும், லாரி நகராது. கடைசி நேரத்தில் புதிய இடம் ஒன்றுக்குப் போனார். மாலை வெயிலில் இரண்டு கூடூ மான்களை அடுத்தடுத்து வீழ்த்தினார். அற்புதமான கொம்புகள்! இந்த முறை யாரும் தன்னை மிஞ்ச முடியாது என்று நம்பி முகாமுக்கு வந்தார்.

தாம்ப்சனும் ஒரு கூடூ மானைச் சுட்டிருந்தார். அதன் கொம்பு இன்னும் நீளம். இன்னும் அகலம். ஹெமிங்வே கொண்டுவந்த இரண்டும் அதன் முன்னால் சிறுத்துப் போயின.

அன்று இரவு ஹெமிங்வேயின் மனம் பொறாமையால் வெந்தது. விடிந்த பிறகுதான் நண்பரை மனமாரப் பாராட்ட முடிந்தது.

பொறாமையை எழுதினார்

ஊர் திரும்பியதும் அந்த வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ‘ஆப்பிரிக்காவின் பச்சை மலைகள்’ என்ற அந்தப் புத்தகம் 1935-ம் ஆண்டு வெளிவந்தது. நண்பருக்குக் கார்ல் என்று வேறு பெயர் கொடுத்தார். ஆனால், நடந்ததை மறைக்கவில்லை. நண்பர் ஜெயித்ததையும் தாம் பொறாமைப்பட்டதையும் அப்படியே எழுதினார். வேட்டைக்காரர்கள் தங்கள் தோல்வியை இப்படி எழுதுவது அபூர்வம்.

புத்தகம் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. விமர்சகர்கள் பலர் குறை சொன்னார்கள். ஆனால், ஆப்பிரிக்கா அவரை விடவில்லை. 1936-ம் ஆண்டு இரண்டு சிறுகதைகள் எழுதி வெளியிட்டார்.

ஒன்று, கிளிமஞ்சாரோ மலையின் பனியைப் பற்றியது. காலில் விஷம் ஏறிய எழுத்தாளன் ஒருவன் காட்டில் படுத்துக்கொண்டு விமானத்துக்காகக் காத்திருக்கிறான். விமானம் வருவதாகவும், பனிமலையை நோக்கிப் பறப்பதாகவும் கனவு காண்கிறான். கண் விழிக்காமலே இறந்துவிடுகிறான். சீதபேதியில் தாம் பட்ட பாடு இப்படிக் கதையாயிற்று.

மற்றொன்று, மக்கோம்பர் என்ற பணக்காரரின் கதை. சிங்கத்தைக் கண்டு பயந்து ஓடி, எல்லார் முன்னாலும் அவமானப்படுகிறார். மறுநாள் எருமை வேட்டை. அதில் திடீரென்று பயம் விட்டுப்போகிறது. காயம்பட்ட எருமை பாய்ந்து வரும்போது ஓடாமல் நின்று சுடுகிறார். அதே விநாடியில் பின்னாலிருந்து மனைவி சுட்ட குண்டு அவர் மீது பாய்கிறது. அவர் இறந்து விழுகிறார். பக்கத்தில் எருமையும் கிடக்கிறது. அந்த நேரத்திலும் வழிகாட்டியின் மனம், எருமையின் கொம்பு 50 அங்குலத்துக்குக் குறையாது என்று தானாகவே கணக்குப் போடுகிறது!

எந்த அங்குலக் கணக்குக்காக ஹெமிங்வே ஒரு காலத்தில் இரவெல்லாம் வெந்தாரோ, அந்தக் கணக்கின் கொடுமையை இந்த ஓர் இடத்தில் காட்டிவிட்டார்.

எலும்புக்கூடு

1952-ம் ஆண்டு ‘கிழவனும் கடலும்’ வெளிவந்தது. ஏழைக் கிழவன் ஒருவன் தன் படகைவிடப் பெரிய மீனைப் பிடிக்கிறான். கரை சேர்வதற்குள் சுறா மீன்கள் தின்றுவிடுகின்றன. எலும்புக்கூடுதான் மிச்சம். ஆனாலும், அந்தக் கிழவனைத் தோற்றவன் என்று படிக்கிறவர் யாரும் சொல்லமாட்டார்கள்.

1953-ம் ஆண்டு ஹெமிங்வே மறுபடியும் ஆப்பிரிக்கா போனார். அப்போது மனைவி மேரி. வயது முதிர்ந்த பெர்சிவல் மறுபடியும் வழிகாட்ட வந்தார். ஆனால், ஹெமிங்வே மாறியிருந்தார். சுடுவதைவிட மிருகங்களையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் பிடித்தது.

1954-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டு நாட்களில் இரண்டு விமான விபத்துகள். அவர் இறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் செய்தி போட்டன. தம் மரணச் செய்தியைத் தாமே படித்தார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நேரில் போய் வாங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. விபத்தில் பட்ட காயங்களும் மனநோயும் அவரைப் பாடாய்ப் படுத்தின. 1961-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 61.

கியூபாவில் ஹவானா நகருக்கு அருகே அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தலைகளும் கொம்புகளும் அந்தச் சுவர்களில் மாட்டப்பட்டிருக்கின்றன. அவர் வேட்டையாடிய கென்யா நாட்டில் 1977-ம் ஆண்டு வேட்டையே தடை செய்யப்பட்டது.

அந்தப் போட்டியில் ஜெயித்தவர் கடைக்காரர் தாம்ப்சன். அவருடைய கொம்புதான் பெரியது. அந்தச் செய்தி இன்று உலகத்துக்குத் தெரிகிறது என்றால், தோற்றவர் அதை மறைக்காமல் எழுதி வைத்ததுதான் காரணம்.