எமனுக்கு வழியடைத்த வைத்தியர்

தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில் மேற்கே ஒரு மலை தெரியும். பார்ப்பதற்கு யானையைப் போல இருக்கும். வாரணமலை என்ற பெயர்தான் நாளடைவில் தோரணமலை ஆகிவிட்டது என்று ஊரார் சொல்வார்கள். மலைமேல் குகைக்குள் முருகன் இருக்கிறான்.

இந்த மலையில் முற்காலத்தில் ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் நடந்ததாம். ஆசிரியர் அகத்தியர். மாணவர்களில் கெட்டிக்காரர் தேரையர்.

ஊமைப் பையன்

தேரையருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் இராமதேவன் என்று சொல்கிறார்கள். பிறவி ஊமை. ஔவையார்தான் அவனைக் கூட்டிவந்து அகத்தியரிடம் விட்டாராம்.

அப்போது ஓர் அரசனுக்குத் தீராத தலைவலி. அவன் தூங்கும்போது ஒரு தேரைக்குஞ்சு மூக்கு வழியாக ஏறி மூளைமேல் உட்கார்ந்துவிட்டது. அகத்தியர் மண்டை ஓட்டைத் திறந்து பார்த்தார். தேரை இருந்தது. அதை எப்படி எடுப்பது? பிடித்து இழுத்தால் மூளை கிழியும். அரசன் உயிர் போகும். ஆயிரம் நோய்களைத் தீர்த்த முனிவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஊமைப் பையன் ஓடினான். ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். தேரைக்கு எதிரே வைத்துக் கையால் தண்ணீரைச் சலசலவென்று அலம்பினான். தேரை துள்ளித் தண்ணீரில் விழுந்தது! அரசன் பிழைத்தான். அகத்தியர் மகிழ்ந்து பையனுக்குப் பேச்சு வரும்படி செய்தார். அன்று முதல் அவன் தேரையன். இது கதைதான். ஆனாலும் நல்ல வைத்தியனுக்கு மருந்தைவிட யோசனை முக்கியம் என்று நம் பாட்டிமார் தெரிந்துவைத்திருந்த கதை.

நிமிர்ந்த மூங்கில்

இன்னோர் அரசனுக்கு முதுகு கூன். அகத்தியர் மூலிகைகளை அடுப்பில் ஏற்றினார். அவசர வேலையாக வெளியே போகவேண்டி வந்தது. பார்த்துக்கொள்ளும்படி சீடனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து கொதித்தது. ஆவி மேலே எழுந்தது. கூரையில் வளைந்திருந்த மூங்கில் ஒன்று அந்த ஆவி பட்டு மெல்ல நிமிர்ந்தது. தேரையர் பார்த்தார். உடனே அடுப்பை அணைத்துவிட்டார். திரும்பிவந்த குரு காரணம் கேட்டார். வளைந்த மூங்கிலை நிமிர்த்தும் பதம் வந்துவிட்டதே, அதற்குமேல் எரிக்கலாமா என்பது சீடரின் எண்ணம். அந்த மருந்திலேயே அரசனின் கூனும் நிமிர்ந்தது.

தேரையர் அகத்தியர் காலத்தவர் என்று கதைகள் சொன்னாலும், அவர் பெயரில் உள்ள நூல்களின் தமிழ் அவ்வளவு பழையது அல்ல. அந்தப் பெயரில் ஒருவருக்கு மேல் இருந்திருக்கலாம். பதார்த்த குண சிந்தாமணி அவர் நூல் என்பார்கள். சோறு, கீரை, பால், தண்ணீர் என்று வாயில் வைக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் அதில் குணம் சொல்லியிருக்கிறது. நோயாளியின் சிறுநீரில் ஒரு துளி எண்ணெய் விட்டு நோயை அறியும் முறையும் அவருடையதே. துளி பாம்பைப் போல நீண்டால் வாதம். மோதிரம்போல வட்டமாய்ப் பரவினால் பித்தம். முத்தைப் போல நின்றால் கபம்.

காசு செலவில்லாத கற்பம்

சாகாமல் இருக்கக் காயகற்பம் தேடிப் பொதிகை மலையில் அலைந்தவர்கள் பலர். பாதரசத்தையும் கந்தகத்தையும் வைத்துக்கொண்டு பாடுபட்டவர்களும் உண்டு. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியோ வேறு வழி காட்டுகிறது. அதன்படி நடக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் எமனுக்கு வேலையே கிடையாதாம்!

அப்படி என்ன விதி? ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பாடு. இரவில்தான் தூக்கம், பகலில் கூடாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். மோரில் நிறையத் தண்ணீர் விட வேண்டும். நெய்யை உருக்கித்தான் ஊற்ற வேண்டும். நேற்று வைத்த கறி அமுதமாகவே இருந்தாலும் இன்று தொடக்கூடாது. கிழங்குகளில் கருணை மட்டும் போதும். நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு. சாப்பிட்டபின் சிறிது தூரம் நடை.

கடைசியில் சொன்னதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்டவுடன் நாற்காலியில் சாயும் தாத்தாவுக்கு மகன் பட்டணத்திலிருந்து சத்து மாத்திரையும் டானிக்கும் வாங்கி வருகிறான். நூறு ரூபாய் போகிறது, இருநூறு ரூபாய் போகிறது. தாத்தாவைத் தெருமுனை வரை நடக்கவைக்க யாருக்கும் நேரம் இல்லை. உணவுக்குப்பின் கொஞ்சம் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று ஏறாது என்று இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். காய்ச்சிய நீரில் கிருமி சாகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

விதியில் இன்னொரு பகுதி உண்டு. நாலு மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாந்தி மருந்து. இதை மட்டும் வயதானவர்கள் தாமாகச் செய்யக்கூடாது. உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகிவிடும். உலோகம் சேர்ந்த பஸ்பங்களும் அப்படியே. முறையாகப் படித்த சித்த வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை அவை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

முன்பெல்லாம் எண்ணெய் முழுக்கைப் பார்க்கவேண்டுமானால் குற்றாலத்துக்குப் போகவேண்டும். ஆனி, ஆடியில் சாரல் விழும்போது உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவியை நோக்கி ஓடியவர்களை அப்போது காண முடிந்தது. அவர்களில் பலருக்கு வருஷம் முழுவதற்கும் அது ஒரு முழுக்குத்தான்! தேரையர் கணக்குப்படி இன்னும் தொண்ணூறு பாக்கி.

எமனையே வரவேண்டாம் என்ற வைத்தியர் எப்படி மறைந்தார்? பொதிகையில் என்கிறார்கள் சிலர். மலையாள நாட்டு மலையில் என்கிறார்கள் வேறு சிலர். கடையத்துப் பக்கத்துக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. தோரணமலையில்தான் அவர் சமாதி என்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள்.