காந்தியைத் தேடிப் போனவர்

குழந்தைகளே, காந்தி தாத்தா கைத்தடியோடு விறுவிறுவென நடந்து போகும் பழைய படத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற படச்சுருள்களை உலகமெங்கும் தேடிச் சேர்த்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் ஏ.கே. செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ல் பிறந்தார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று யாருடைய பிறந்தநாள் என்று உங்களுக்கே தெரியும்! காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது நம்மை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களை எதிர்ப்பவரைப் பற்றிப் படம் எடுப்பது லேசான காரியமா? செட்டியார் துணிந்து இறங்கினார்.

பல நாட்டுக் காமெராக்காரர்கள் காந்தியைப் படம் பிடித்திருந்தார்கள். அந்தச் சுருள்கள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று அலைந்தார். 1939-ல் உலகப் போரும் மூண்டுவிட்டது. அப்படியும் 50,000 அடி பிலிம் சேர்த்துவிட்டார். நீட்டி வைத்தால் ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய வாணியம்பாடி வரை வரும்!

அதில் தேவையானதை வெட்டி ஒட்டி, தமிழ் விளக்கவுரையோடு 1940-ல் படத்தை வெளியிட்டார். 1943-ல் 'குமரி மலர்' பத்திரிகையைத் தொடங்கினார். இத்தனை ஊர் சுற்றியவர், தன்னைப் பற்றி அதிகம் எழுதிக்கொள்ளவே இல்லை. 1983-ல் காலமானார்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். தேடித் தேடிச் சேர்த்தவரின் படத்தையே பிறகு தேட வேண்டியதாயிற்று. அவர் 1953-ல் அமெரிக்காவில் தயாரித்த ஆங்கிலப் பதிப்பின் பிரதி ஒன்று, பல ஆண்டுகள் கழித்து அந்த நாட்டிலேயே அகப்பட்டது.