செவ்வாய் கிரகத்தின் சிக்னலைப் பிடிக்கும் கூம்பு: சம்பளம் வாங்காமல் 3 ஆண்டு பாடம் நடத்திய ஜகதீஷ் சந்திர போஸ் யார்?

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு வாசம் வீசும் கிடங்குத் தெருவில் நடக்கிறீர்களா? ஒரு நிமிஷம் நின்று கூரைகளுக்கு மேலே பாருங்க. டி.டி.எச். டிஷ் தெரியும். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில், டிஷ் குவித்துத் தரும் அலைகளை வாங்கிக்கொள்வது ஒரு சின்னக் கூம்பு. ஹார்ன் ஆண்டெனா என்பார்கள். பெங்களூரு அருகே பையலாலுவில், மங்கள்யானோடு பேசிய இஸ்ரோவின் 32 மீட்டர் ஆண்டெனாவிலும் அலைகள் கடைசியில் போய்ச் சேர்வது இப்படியொரு கூம்பில்தான்.

இந்தக் கூம்பை 1890-களிலேயே கல்கத்தாவில் பயன்படுத்தியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

சம்பளமே வேண்டாம்

1858-ல் பிறந்த போஸ், இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அதே வேலை பார்த்த ஐரோப்பியர்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. என்ன செய்தார் தெரியுமா? வகுப்பை ஒருநாளும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. குடும்பத்துக்குக் கடன் இருந்தும், 3 ஆண்டுகள் இப்படியே போயின. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்க உதவியது.

மேஜை மேல் ஒரு ஆய்வு

ரேடியோ அலையும் ஒளியைப் போலவே நடந்துகொள்கிறதா என்று பார்க்க நினைத்தார் போஸ். நீளமான அலைக்குப் பெரிய கருவி வேணும். அதனால் 2.5 சென்டிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரையிலான குட்டி அலைகளை உருவாக்கினார். அவற்றைச் சிதறாமல் பிடிக்கத்தான் கூம்பு. 1895-ல் கல்கத்தாவில், சுவரைத் தாண்டிப் போன அலையால் மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனிலும் தன் கருவியைக் காட்டினார்.

ஆனால், உலகம் மார்க்கோனியின் நீண்ட அலைகள் பின்னால் போனது. 1909-ல் நோபல் பரிசும் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. வியாபாரத்தில் நாட்டமில்லாத போஸ், 1904-ல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையைக்கூடப் பணமாக்கவில்லை. தாவர ஆய்வுக்குத் திரும்பிய அவர், 1917-ல் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார், 1937-ல் காலமானார்.

குட்டி அலை ஏன் முக்கியம்?

செவ்வாய் நம்மிடமிருந்து 40 கோடி கிலோமீட்டர் வரை விலகிப்போகும். அங்கிருந்து சிக்னல் வர 22 நிமிஷம் ஆகும். ஒரே அளவு டிஷ்ஷில் அலை எவ்வளவு குட்டியோ, கற்றை அவ்வளவு ஒல்லி, சக்தி வீணாகாது. அதனால்தான் நாசாவின் தொலைதூர விண்கலங்கள் இப்போது சுமார் 9 மில்லிமீட்டர் அலையையும் பயன்படுத்துகின்றன. போஸ் மேஜை மேல் ஆராய்ந்த அதே அளவு!

உங்க வீட்டு டி.டி.எச். அலையும் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்தான். கொச்சி மழையில் டிவி படம் நின்றுபோனால், துளிகள் விழுங்குவதும் போஸ் கையாண்ட அந்தக் குட்டி அலையைத்தான்.