ஜாக் ஸ்டெய்ன்: அரண் காத்தவர், அணி வளர்த்தவர்

பங்குக் கோயிலின் மண்டபம் எத்தனையோ நற்பணிகளுக்குப் பிறப்பிடம். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், புனித மரியாள் பங்கு மண்டபத்தில், 1887ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ஒரு கால்பந்துக் கழகம் பிறந்தது. அதுவே செல்டிக் கழகம். அதற்கு வித்திட்டவர் மரிஸ்ட் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் வால்ஃபிரிட். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கரின் பிள்ளைகள் பசியால் வாடுவதை அவர் கண்டார். ஆட்டம் பார்க்க வருவோர் தரும் காசைக்கொண்டு அப்பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவளிக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

இவ்வாறு பங்கில் பிறந்த கழகத்தை உலகின் உச்சியில் ஏற்றி வைத்தவர் ஒரு கத்தோலிக்கர் அல்லர். புரொட்டஸ்டாண்டு குடும்பத்தில் பிறந்த ஜாக் ஸ்டெய்ன். அவருடைய வாழ்வு நாம் சிந்திக்கத் தக்கது.

1922ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், கிளாஸ்கோவுக்கு அருகே ஹாமில்டன் ஊரை அடுத்த பர்ன்பாங்கில் ஸ்டெய்ன் பிறந்தார். அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. பதினைந்து வயதிலேயே அவரும் சுரங்கத்துள் இறங்கினார். கூட வேலை செய்பவனின் கவனத்தை நம்பித்தான் தன் உயிர் இருக்கிறது என்ற பாடத்தை அந்த இருட்டு அவருக்குக் கற்பித்தது. 1942 முதல் ஆல்பியன் ரோவர்ஸ் அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக, நடுவரிசையின் அரணாக நின்றார். வாரம் முழுதும் சுரங்கம், சனிக்கிழமை ஆட்டம். 1950இல்தான் சுரங்கத்தை விட்டு, வேல்ஸ் நாட்டு லனெல்லி அணியில் முழுநேர ஆட்டக்காரரானார்.

1951 டிசம்பரில் செல்டிக் கழகம் அவரை அழைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 29. இரண்டாம் அணியில் இளைஞர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்பதே கழகத்தாரின் நோக்கம். ஆனால் அந்நாளைய கிளாஸ்கோவில் இது சிறு செய்தியன்று. கத்தோலிக்கர் செல்டிக் பக்கம். புரொட்டஸ்டாண்டார் ரேஞ்சர்ஸ் பக்கம். தெருவும் பள்ளியும் நட்பும்கூட அவ்வாறே பிரிந்து கிடந்தன. ஸ்டெய்னின் ஊரில் பழைய நண்பர்கள் சிலர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டனர். அந்தக் காயத்தை அவர் அமைதியாகத் தாங்கிக்கொண்டார்.

முதல் அணியில் பலர் காயமுற்றதால் ஸ்டெய்னுக்கு இடம் கிடைத்தது. அணித் தலைவராயிருந்த அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஷான் ஃபாலன் தமக்குத் துணைத் தலைவராக ஸ்டெய்னையே தேர்ந்துகொண்டார். ஃபாலனின் கை முறிந்தபோது தலைமை ஸ்டெய்னிடம் வந்தது. 1954இல் அவர் தலைமையில் செல்டிக், லீக் பட்டத்தையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒரே ஆண்டில் வென்றது. நாற்பது ஆண்டுகளுக்குப்பின் கிட்டிய இரட்டை வெற்றி அது. 1955இல் கணுக்காலில் பட்ட அடி அவருடைய ஆட்ட வாழ்வை முடித்தது.

ஆடமுடியாதவர் ஆட்டுவிப்பவரானார். முதலில் செல்டிக்கின் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். 1960இல் டன்ஃபர்ம்லின் அணியை ஏற்று, மறு ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் செல்டிக்கையே வீழ்த்தினார். 1965இல் செல்டிக் அவரைத் திரும்ப அழைத்தது. அக்கழகத்தின் பயிற்சியாளர் பொறுப்பைக் கத்தோலிக்கர் அல்லாத ஒருவர் ஏற்றது அதுவே முதன்முறை. அப்பொறுப்பு ஃபாலனுக்கே வரும் எனப் பலரும் எதிர்பார்த்திருந்தனர். ஆயினும் ஃபாலன் மனக்கசப்புக்கு இடங்கொடாமல், ஸ்டெய்னின் உதவியாளராக நின்று பல்லாண்டு உழைத்தார்.

1967 மே 25ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். அன்று வியாழக்கிழமை, கிறிஸ்துவின் திருவுடல் திருநாள். எதிரணி இத்தாலியின் இன்டர் மிலான். கதவுக்குத் தாழ்ப்பாள் இட்டதுபோல் தற்காத்து ஆடுவதில் பேர்பெற்ற அணி அது. இரு முறை ஐரோப்பிய வாகையர். ஏழாம் நிமிடத்தில் பெனால்டி மூலம் முதல் கோலைப் போட்டுவிட்டுத் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டது. தற்காப்பின் நுட்பமறிந்த ஸ்டெய்ன், தம்முடைய தற்காப்பு வீரர்களையே முன்னேறித் தாக்கப் பழக்கியிருந்தார். 63ஆம் நிமிடத்தில் கிரெய்க் தந்த பந்தைக் கெம்மல் அடித்துக் கோலாக்கினார். இருவருமே தற்காப்பு ஆட்டக்காரர்கள்! ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சால்மர்ஸ் இரண்டாம் கோலைச் சேர்த்தார். பிரிட்டனிலிருந்து அக்கோப்பையை வென்ற முதல் கழகம் செல்டிக். அந்தப் பதினொருவரும் கழகத்தின் மைதானத்திலிருந்து 30 மைலுக்குள் பிறந்தவர்கள். கத்தோலிக்கரும் புரொட்டஸ்டாண்டாரும் கலந்தவர்கள்.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வந்தது. வெற்றியினும் மேலான ஒன்றையும் ஸ்டெய்ன் நாடினார். 1972இல் ஸ்டெர்லிங் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தின்போது, தம் அணியின் ரசிகர்கள் பகையை வளர்க்கும் பாட்டுகளைப் பாடினர். ஸ்டெய்ன் அந்தக் கூட்டத்துக்குள் தாமே நுழைந்து அவர்களைக் கடிந்துகொண்டார். எதிரியின் குற்றத்தைச் சுட்டுவது எளிது. நம்மவரைத் திருத்தத்தான் துணிவு வேண்டும்.

1975இல் கார் விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தார். அந்த ஓராண்டு அணியைத் தாங்கியவர் அதே ஃபாலன். 1978இல் செல்டிக்கை விட்டு நீங்கிய ஸ்டெய்ன், அவ்வாண்டே ஸ்காட்லாந்து நாட்டு அணியின் பயிற்சியாளரானார். 1985 செப்டம்பர் 10ஆம் நாள், வேல்ஸின் கார்டிஃப் நகரில் உலகக் கோப்பைத் தகுதியாட்டம். பெனால்டி மூலம் ஸ்காட்லாந்து ஆட்டத்தைச் சமன் செய்தது. முடியும் தறுவாயில் ஸ்டெய்ன் மைதான ஓரத்திலேயே சாய்ந்தார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 62. அணி பின்னர் மெக்சிகோ உலகக் கோப்பைக்குச் சென்றது. அவர் அதைக் காணவில்லை.

பசித்த பிள்ளைகளுக்காக ஒரு துறவி தொடங்கிய பணியை, வேறு சபையில் பிறந்த ஒரு சுரங்கத் தொழிலாளி நிறைவுக்குக் கொண்டுவந்தார். அவரை நம்பிக் கதவு திறந்தவர்களும், பதவியை விட்டுக்கொடுத்துத் தோள் கொடுத்த ஃபாலனும் அவ்வெற்றியில் பங்காளிகள். விழாக் கொண்டாடும் நாமும் நம் மண்டபத்தின் கதவை அகலத் திறந்து வைப்போம். ஆண்டவர் யாரை அனுப்புவார் என்பதை நாம் அறியோம்.