சுழலும் இறக்கைக்குக் கீல் வைத்தவர்

ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினாடி வினாவில் கேட்டால், சிகார்ஸ்கி என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவோம். அது தவறன்று. 1939ஆம் ஆண்டு அமெரிக்காவில் அவர் பறக்கவிட்ட இயந்திரமே பிற்கால ஹெலிகாப்டர்கள் பலவற்றிற்கு முன்மாதிரி. ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, தலைக்குமேல் சுழலும் இறக்கையின் பெருஞ்சிக்கல் ஒன்றை ஒரு ஸ்பானியர் அவிழ்த்துவிட்டார். அவர் பெயர் ஹுவான் டி லா சியர்வா. அவரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஸ்பெயினின் முர்சியா நகரில் செல்வாக்குள்ள குடும்பத்தில் சியர்வா பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், பலமுறை அமைச்சராக இருந்தவர். மகனுக்கோ அரசியலைவிட ஆகாயமே பிடித்திருந்தது. 1912இல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, உடைந்து கிடந்த ஒரு பிரெஞ்சு விமானத்தின் பாகங்களைக் கொண்டு புதிய விமானம் ஒன்றைக் கட்டினார். அதன் சிவப்பு நிறத்தால் அதற்கு ‘நண்டு’ என்று பெயர். நண்டும் பறந்தது! அப்போது அவருக்கு வயது பதினாறு. நம்மைவிட ஒரு வயதுதான் மூத்தவர். நாம் இன்னும் அறிவியல் கண்காட்சிக்கு அட்டையில் எரிமலை செய்துகொண்டிருக்கிறோம்.

பின்னர் அவர் கட்டடப் பொறியியல் பயின்றார். 1919இல் இராணுவப் போட்டி ஒன்றுக்காக மூன்று எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானத்தை வடிவமைத்தார். சோதனையின்போது அது தரைக்கு அருகில் வேகம் குறைந்து, காற்றில் நிற்கும் ஆற்றலை இழந்து விழுந்து நொறுங்கியது. விமானி பிழைத்தது இறைவன் செயல். வேகம் குறைந்தால் விழுந்துவிடும் இறக்கை எதற்கு என்ற கேள்வி அன்றே சியர்வாவின் மனத்தில் ஊன்றிவிட்டது. விமானம் மெதுவாகச் சென்றாலும் இறக்கை மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அதைச் சுழலவிடுவதே வழி என்று கண்டார்.

இப்படிப் பிறந்ததுதான் ஆட்டோஜைரோ. இதன் எஞ்சின் முன்னாலுள்ள விசிறியை மட்டுமே சுற்றும். பறக்கும்போது மேலே உள்ள பெரிய சுழலியை எஞ்சின் சுற்றுவதில்லை. எதிர்ப்படும் காற்றே சுற்றுகிறது. பனையோலைக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் அது தானே சுழல்கிறதல்லவா? அதுபோலத்தான். எஞ்சின் நின்றுபோனாலும், கீழிறங்கும்போது அடியிலிருந்து வரும் காற்று சுழலியை நிற்கவிடாது. விமானம் கல்லைப்போல் விழாமல் மெல்ல இறங்கும்.

எண்ணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1920 முதல் அவர் கட்டிய மூன்று இயந்திரங்களும் சரியாகப் பறக்கவில்லை. ஓடத் தொடங்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காரணம் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. சுழலியின் நுனி மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் சுற்றுவதாகவும், விமானம் 100 கி.மீ. வேகத்தில் முன்னே செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். முன்னோக்கி வரும் அலகின் நுனி 500 கி.மீ. வேகக் காற்றைச் சந்திக்கிறது. பின்னோக்கிப் போகும் அலகின் நுனிக்கு 300தான். தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25க்கு 9! ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு தூக்கினால் கவிழாமல் என்ன செய்யும்?

வியப்பு என்னவென்றால், அவர் செய்த சிறிய மாதிரி மட்டும் நேராகப் பறந்தது. ஏன்? அந்த மாதிரியின் அலகுகள் பிரம்பினால் ஆனவை, வளைந்து கொடுத்தன. பெரிய இயந்திரத்தின் அலகுகளோ விறைப்பாக இருந்தன. மாட்ரிட் நகரில் ஓபரா இசை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த உண்மை அவருக்குப் பளிச்சிட்டது என்று சொல்வார்கள். அலகுகளைத் தண்டோடு இறுக்கிப் பூட்டாமல், கதவுக்கு வைப்பதுபோல் ஒரு கீல் வைத்தார். அதிகத் தூக்குவிசை பெறும் அலகு மேலே எழும்புகிறது. எழும்பும்போதே காற்றை அது சந்திக்கும் கோணம் குறைந்து விசையும் குறைகிறது. மறுபக்க அலகு தாழ்ந்து, விசையைக் கூட்டிக்கொள்கிறது. அலகுகள் குடைபோல் மேலே மடங்கிவிடாதா என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். மடங்காது. கயிற்றில் கட்டிச் சுற்றும் கல்லைப்போல், சுழற்சி அவற்றை வெளிப்புறமாக இழுத்துப் பிடித்திருக்கும்.

1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே ஹெத்தாபேயில் அவருடைய நான்காவது இயந்திரம் பறந்தது. சில நாட்களில் மற்றொரு பறப்பின்போது, தரையை விட்டு எழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. வேறு விமானமாயின் நொறுங்கியிருக்கும். இதுவோ அமைதியாகத் தரையில் வந்து அமர்ந்தது.

1925இல் இங்கிலாந்து அவரை அழைத்தது. அடுத்த ஆண்டு அங்கே அவருடைய கம்பெனி தொடங்கியது. வெற்றி தொடர்ந்தாலும் பாடம் முடியவில்லை. 1927இல் பறந்துகொண்டிருந்த ஓர் ஆட்டோஜைரோவின் அலகு முறிந்து, விமானி காயத்தோடு தப்பினார். அலகு மேலும் கீழும் அசைந்தால் போதாது, முன்னும் பின்னும் சிறிது அசைய இடம் வேண்டும் என்று உணர்ந்து இரண்டாவது கீலை அமைத்தார். பிறர் உயிரைப் பணயம் வைத்துத் தாம் தரையில் நிற்க அவருக்கு மனமில்லை போலும். அந்த ஆண்டில் தாமே பறக்கக் கற்றுக்கொண்டார். 1928 செப்டம்பர் 18ஆம் நாள், இலண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஒரு பயணியுடன் புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பாரிஸை அடைந்தார். பின்னர் சுழலியையே சாய்த்துத் திசை திருப்பும் முறையையும் கண்டார். 1934இல் அம்முறையிலமைந்த ஆட்டோஜைரோவை, நிலையான இறக்கையே இல்லாமல், ‘டெடாலோ’ என்னும் ஸ்பானியக் கப்பலின் மேல்தளத்தில் இறக்கினார். ஹெலிகாப்டர் கட்டியவர்கள் அவருடைய கீல்களையே எடுத்துக்கொண்டனர்.

இனி வருவதை எழுதலாமா என்று நாங்கள் சற்றுத் தயங்கினோம். 1936 ஜூலையில் கிராய்டனிலிருந்து ஒரு சிறு விமானம் கனரித் தீவுகளுக்குப் புறப்பட்டது. ஜெனரல் பிராங்கோவைக் கலகப் படையிடம் கொண்டு சேர்த்தது அந்த விமானமே. அதை ஏற்பாடு செய்ய உதவியவர்களுள் சியர்வாவும் ஒருவர். தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போர் 1939 வரை நீடித்தது. குருக்களும் கன்னியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். மறுதரப்பினர் கையில் மடிந்த ஏழைகளும் தொழிலாளரும் அதைவிட அதிகம். விமானி ஒருவர் விழக்கூடாது என்று ஆண்டுக்கணக்காக உழைத்த மனிதர் இதில் கை கொடுத்தாரே என்று எங்களுக்கு வருத்தம்தான். அதே ஆண்டு நவம்பரில் மாட்ரிட் அருகே அவருடைய தம்பி ரிக்கார்டோ குடியரசுத் தரப்பினரால் கொல்லப்பட்டார்.

அடுத்த மாதம் 9ஆம் நாள் காலையில் சியர்வா மீண்டும் கிராய்டனுக்கு வந்தார். எங்கும் மூடுபனி. அவர் ஏறியது ஆட்டோஜைரோ அன்று. ஆம்ஸ்டர்டாம் செல்லும் சாதாரணப் பயணிகள் விமானம். தரையை விட்டு எழுந்த சிறிது நேரத்தில் அது அருகிலிருந்த வீடுகளின் மேல் மோதித் தீப்பற்றியது. பதினேழு பேரில் இருவரே பிழைத்தனர். சியர்வாவுக்கு அப்போது வயது 41.