குட்டிப் பந்தயக் கார் செய்த கோவை கரிவரதன்

சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். இரவு 11 மணிக்கு மேல் கடைகளை அடைத்து, பஸ்களும் ஓய்ந்த பிறகு, மவுண்ட் ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு கிண்டிப் பக்கம் பறக்கும். ஒன்றை ஒன்று முந்தும். வயதுப் பிள்ளை இன்னும் வீடு திரும்பாத தாய்மார்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

வேகத்தில் ஆசை இல்லாத வாலிபர் உண்டா? போலீசார் பிடிக்கிறார்கள். அபராதம் போடுகிறார்கள். வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள். ஆசை மட்டும் போவதில்லை. அந்த ஆசைக்கு முறையான ஓர் இடம் வேண்டும். கோடீசுவரர் அல்லாதவருக்கும் எட்டக்கூடிய ஒரு வண்டி வேண்டும். அப்படி ஒரு வண்டியைச் செய்து காட்டியவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் பெயர் கரிவரதன்.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் 1954-ம் ஆண்டு பிறந்தார். கோயம்புத்தூர் லட்சுமி மில் குடும்பம். கோவையில் அந்த மில்லைத் தெரியாதவர் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயர்தான். கரி என்றால் யானை. முதலை வாயில் சிக்கிய யானைக்கு அபயம் கொடுத்த பெருமாளைக் கரிவரதர் என்பார்கள். நண்பர்களுக்கு மட்டும் அவர் வெறும் கரி.

பஞ்சும் நூலும் பணமும் புழங்கிய வீடு. மில்லில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனம் எஞ்சினிலேயே கிடந்தது. இளம் வயதிலேயே சோழவரத்துக்கு வந்து பந்தயத்தில் கார் ஓட்டினார்.

சோழவரம் என்றதும் பழைய சென்னைவாசிகளுக்கு ஞாபகம் வந்துவிடும். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. இரண்டாவது உலகப் போரின்போது அங்கே விமானம் இறங்க ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ஓடுபாதை மிஞ்சியது. 1953-ம் ஆண்டு சென்னையில் மோட்டார் பந்தயக் கிளப் ஒன்று தோன்றியது. அந்தக் கிளப்பார் இந்த ஓடுபாதையில் பந்தயம் நடத்தினார்கள். கார்களுக்குப் போட்டி, மோட்டார் சைக்கிள்களுக்குத் தனிப் போட்டி. வெயிலையும் தூசியையும் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள்.

ஊர் விட்டு ஊர் ஓடிய காலம்

விமான ஓடுபாதையில் ஏன் கார் பந்தயம் என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் ரத்தக்கறை படிந்த ஒரு கதை இருக்கிறது.

ஆரம்பத்தில் பந்தயங்கள் பொதுச் சாலையிலேதான் நடந்தன. 1895-ம் ஆண்டு பிரெஞ்சு தேசத்தில் பாரிசிலிருந்து போர்டோ நகருக்குப் போய்த் திரும்பும் பந்தயம் நடந்தது. சுமார் 1,180 கிலோமீட்டர். லெவாசோர் என்பவர் ஏறக்குறைய 49 மணி நேரம் ஓட்டி, முதலில் வந்து சேர்ந்தார். அவர் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்தான். இன்று நம் டவுன் பஸ்கூட அதை முந்திவிடும்.

எட்டு வருஷத்தில் கார்களின் வேகம் பல மடங்காகிவிட்டது. சாலையோ மாட்டு வண்டிச் சாலையாகவே இருந்தது. 1903-ல் பாரிசிலிருந்து மாட்ரிட் நகருக்குப் பந்தயம். வழியெல்லாம் ஜனங்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். புழுதியில் எதிரே எதுவும் தெரியவில்லை. கார்கள் மரத்தில் மோதின, கூட்டத்தில் புகுந்தன. ஓட்டியவர்களிலும் வேடிக்கை பார்த்தவர்களிலும் பலர் மாண்டார்கள். மார்செல் ரெனோவும் அவர்களில் ஒருவர். இன்று ரெனோ என்ற பெயரில் ஓடும் கார்களைத் தொடங்கிய சகோதரர்களில் அவர் ஒருவர். அரசாங்கம் பந்தயத்தைப் பாதி வழியில், போர்டோவிலேயே நிறுத்திவிட்டது. இத்தாலியில் மட்டும் ஆயிரம் மைல் பந்தயம் ஒன்று வெகு காலம் நடந்தது. 1957-ல் ஒரு கார் தறிகெட்டுக் கூட்டத்தில் பாய்ந்து, குழந்தைகள் உள்பட 9 பேரைக் கொன்றது. ஓட்டியவரும் அவர் துணையாளும் இறந்தார்கள். அத்தோடு அதுவும் முடிந்தது.

ஆகையால் பந்தயத்தைச் சுற்றுப் பாதைக்குள் கொண்டுவந்தார்கள். எதிரே வண்டி வராது. குறுக்கே ஆள் வராது. ஆம்புலன்சும் டாக்டரும் தயாராக நிற்பார்கள். ஒரே பாதையைப் பல தடவை சுற்றி, முதலில் முடிப்பவருக்கு வெற்றி. சில நகரங்களில் தெருவையே அடைத்து, ஓரத்தில் தடுப்பு போட்டு ஓடுவார்கள். மொனாகோ நகரில் 1929 முதல் இப்படித்தான். மலையேற்றப் பந்தயத்தில் ஒவ்வொருவராக மலைப் பாதையில் ஏறவேண்டும், கடிகாரம்தான் எதிராளி.

ராலி என்பது இன்னொரு வகை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதில் தனிப் பிரியம். காட்டுப் பாதை, தோட்டப் பாதை, மண் ரோடு என்று போகும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கையிலுள்ள குறிப்பைப் பார்த்து அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் ஒரு வரி தவறாகச் சொன்னால் கார் பள்ளத்தில் கிடக்கும்! ஓட்டுபவரைவிட அவருக்குத்தான் நெஞ்சுத் துணிவு அதிகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணக்காரர் விளையாட்டு

சோழவரத்தில் ஒரு குறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் தருவிக்க வசதி உள்ளவர்கள் தருவித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பார்முலா ஒன் கார்கூட அங்கே ஓடியது. இறக்குமதி வரியோ மலைபோல. மற்றவர்கள் பழைய பியட்டையும் ஹெரால்டையும் பிரித்துச் சீர்செய்து ஓட்டினார்கள். பார்முலா ஒன் காரோடு பியட் போட்டியிட்டால் முடிவு என்ன என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஓட்டுபவரின் திறமை எங்கே தெரியும்?

கரிவரதனும் வசதியுள்ளவர்தான். தமக்கு ஒரு கார் வாங்கிக்கொண்டு கோப்பைகளை அடுக்கியிருக்கலாம். அவர் மற்றவர்களுக்கும் கார் செய்ய இறங்கினார்.

பார்முலா என்றால் வேறொன்றும் இல்லை, விதி. எஞ்சின் இவ்வளவு, எடை இவ்வளவு என்று விதி போட்டு, அதற்குள் எல்லாரும் ஓடவேண்டும். 1983-ன் கடைசியில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகச் செய்த கார் அது. அந்த எஞ்சின்மேல் கரிவரதனின் கண் விழுந்தது. உள்நாட்டில் கிடைக்கும், உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், கெட்டால் மெக்கானிக் பார்த்துவிடுவார்.

1988-ல் பார்முலா மாருதி பிறந்தது. ஒரே ஆள் உட்காரும் கார். சக்கரங்கள் வெளியே தெரியும். பார்வைக்கு அசல் பந்தயக் கார். உயிர் மட்டும் மாருதியின் உயிர். எல்லாருக்கும் அதே எஞ்சின் என்பதால் முன்னால் வருபவன் பணத்தால் வந்தான் என்று சொல்ல முடியாது. வளைவில் எப்போது பிரேக் போட்டான், எப்போது முடுக்கினான் என்பதில்தான் வெற்றி தோல்வி. ஏழை வீட்டுப் பையனால் இதற்கும் செலவழிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் கோடி வேண்டும் என்ற நிலை போயிற்று.

நல்ல வேளையாக, புதுப் பாதையும் வந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி, கத்திப்பாராவில் திரும்பி, பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரும். பந்தயத்துக்கென்றே அங்கே கிளப்பார் சுற்றுப் பாதை அமைத்தார்கள். 1990-களில் பார்முலா மாருதிகள் அங்கே பறந்தன.

அவற்றில் ஒன்றை ஓட்டிய பையன், கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். தகப்பனாரும் ராலி வீரர். நரேன் 1994-ல் இங்கிலாந்து போய், பார்முலா போர்டு குளிர்காலப் போட்டியில் சாம்பியன் பட்டம் வென்றார்.

ஆகாயத்தில் வந்த முடிவு

கரிவரதனுக்கு ஆகாய விமானத்திலும் ஆசை. சாலையில் எத்தனையோ வேகத்தில் ஓட்டியவர் அவர். 1995-ம் ஆண்டு விமான விபத்தில் உயிரிழந்தார். அப்போது நாற்பதைத் தாண்டிச் சிறிதே ஆகியிருந்தது.

பத்து வருஷம் கழித்து, 2005-ல், நரேன் கார்த்திகேயன் ஆஸ்திரேலியாவில் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். இந்தியர் ஒருவர் அதில் ஓட்டியது அதுவே முதல் தடவை. கரிவரதன் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்குக் கரி என்றே பெயர்.

மவுண்ட் ரோட்டில்தான் சைதாப்பேட்டை. அதன் ஒரு கோடியில் தீவுத்திடல். 2024 ஆகஸ்ட் 31-ந் தேதியும் செப்டம்பர் 1-ந் தேதியும் தீவுத்திடலைச் சுற்றியுள்ள தெருக்களை அடைத்து, தடுப்பு போட்டு, விளக்கு ஏற்றி இரவில் கார் பந்தயம் நடத்தினார்கள். சுற்றுக்கு மூன்றரை கிலோமீட்டர். நடைபாதையில் நின்று சத்தத்தைக் கேட்டவர்கள், சீட்டு வாங்கி உள்ளே போனவர்கள், தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர்கள் என்று ஒரே திருவிழாக் கூட்டம். கரிவரதன் இருந்திருந்தால் அந்த வருஷம் அவருக்கு வயது 70.